தலைவர் வராத நாளில் சங்கம்

நமது சங்கங்களின் பேரவைக் கூட்டங்களிலே அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு. "இந்தச் சங்கம் என்றால் நம் தலைவர் அவர்கள்தான், அவர் இல்லையேல் சங்கம் இல்லை" என்று அங்கத்தினர் ஒருவர் எழுந்து கூறுவார். கூட்டம் கைதட்டும். தலைவரும் கழுத்து மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அடக்கத்துடன் புன்னகை புரிவார். அன்பினால் சொல்லப்படும் சொல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அங்கே ஓர் ஓரத்தில் அமர்ந்திருக்கும் கூட்டுறவு இன்ஸ்பெக்டரின் காதில் அது வேறு விதமாக விழுகிறது. அவர் இல்லையேல் சங்கம் இல்லை என்பது மெய்யானால், அங்கத்தினர் செலுத்திய பங்குத் தொகையும், தறியில் ஏறியிருக்கும் பாவும், கிடங்கில் அடுக்கியிருக்கும் மூட்டைகளும் ஒரே ஒரு மனிதரின் உடல்நலத்தை நம்பியல்லவா நிற்கின்றன?

தலைமையே வேண்டாம் என்று நான் கூறவில்லை. தலைமையில்லாத ஸ்தாபனம் எதுவும் கரை சேர்ந்ததில்லை. நூல் விலை ஏறப்போகிறது என்று தோன்றும்போது எத்தனை கட்டு வாங்கி வைப்பது, விளைபொருளை இன்று விற்பதா, ஒரு மாதம் பொறுப்பதா என்பன போன்ற முடிவுகளைப் பத்துப் பேர் பேசிக்கொண்டே இருந்தால் சந்தை காத்திராது. ஒருவர் துணிந்து முன்வரத்தான் வேண்டும். ஆயினும் கடை முதலாளியின் துணிவு வேறு, சங்கத் தலைவரின் துணிவு வேறு. முதலாளியின் அதிகாரம் அவருடைய சொந்தப் பணத்திலிருந்து பிறக்கிறது. தாசில்தாரின் அதிகாரம் மேலிருந்து உத்தரவாக வருகிறது. சங்கத் தலைவருக்கோ, பக்கத்துத் தறிக்காரரும் அடுத்த வயற்காரரும் அதை அளிக்கின்றனர்; பங்கு நூறு வைத்திருந்தாலும் ஒன்றே வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு உடையவர்கள், குறித்த காலத்துக்கென்று, திரும்பப் பெறும் உரிமையுடன் அளிக்கின்றனர். இரவல் நகை பூண்டு கலியாணத்துக்குச் செல்பவர் அதைத் திருப்பித் தர வேண்டிய நாளை மறப்பதில்லை. சங்கத் தலைமையும் அத்தகைய இரவலே.

இதனை நன்குணர்ந்து விதிகளாக எழுதி வைத்தவர்கள் பெரும் படிப்பாளிகள் அல்லர். அவர்களிற் பலர் நெசவாளர்கள். இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் என்னும் ஊர் அக்காலத்தில் பிளானல் என்னும் கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றது. கூலி உயர்வு கேட்டுத் தோற்றுப்போன நெசவாளரும் வேறு சில தொழிலாளருமாக 28 பேர், வாரம் இரண்டு பென்ஸ், பின்னர் மூன்று பென்ஸ் என்று சேர்த்து, 28 பவுன் மூலதனம் திரட்டினர். 1844 டிசம்பர் 21 அன்று டோட் லேன் என்னும் தெருவில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தில் கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள், அவ்வளவே சரக்கு.

ராச்டேல் முன்னோடிகளின் கதையைக் கூட்டுறவு வார விழாவில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உபரியைக் கொள்முதலுக்கேற்பப் பங்கிட்டார்கள், ஆளுக்கு ஒரு வாக்கு வைத்தார்கள் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். அதிகம் பேசப்படாத விதி ஒன்று உண்டு. கடன் கூடாது என்று அங்கத்தினருக்கு விதி செய்யும் சங்கங்கள் நம்மிடை ஏராளம். அதே விதி நிர்வாகிகளின் வீட்டு வாசலில் நின்றுவிடும். ராச்டேல்காரர்களோ அதனை நிர்வாகிகளின் தலைமீதே வைத்தார்கள். சங்கத்தின் நிர்வாகிகள் எக்காரணத்தை முன்னிட்டும் ரொக்கத்துக்கன்றி வாங்கவோ விற்கவோ கூடாது; மீறுபவருக்கு 10 ஷில்லிங் அபராதம்; அப்பதவியை வகிக்கும் தகுதியும் போகும். அக்காலத்து நெசவாளிக்கு 10 ஷில்லிங் சிறு தொகையன்று. நிர்வாகக் குழு வாரந்தோறும் கூட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டத்தில் கணக்கு வைக்க வேண்டும் என்றும் வகுத்தனர். ஒருவரையொருவர் நம்பாமையால் செய்த ஏற்பாடன்று இது. நம்பிக்கை கெடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டின் அருமை ஐந்தே ஆண்டுகளில் ஊருக்கு விளங்கிற்று. அதே ராச்டேலில் ஏழை எளியவர் பணம் போட்டு வைக்கும் சேமிப்பு வங்கி ஒன்று இருந்தது. அதற்குப் பெரிய மனிதர்கள் தர்மகர்த்தாக்கள். ஆனால் பணமும் கணக்கும் ஜார்ஜ் ஹாவர்த் என்ற ஒருவர் கையில் இருந்தன. ஊராரின் மதிப்புக்குரிய அவரிடம் கேள்வி கேட்பது தகாது என்று எல்லாரும் கருதியிருந்தார்கள் போலும். 1849-ஆம் ஆண்டில் அவர் இறந்தார். இறந்த பின்னரே 70,000 பவுனுக்கு மேல் காணவில்லை என்பது வெளிப்பட்டது. மாலையும் மரியாதையும் பெற்றவர்கள் காவல் இருந்த இடம் காலியாயிற்று. நெசவாளிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரக்கக் கணக்கு வாசித்துக்கொண்டிருந்த கடை நிலைத்து நின்றது. 1848-இல் 140 ஆக இருந்த அங்கத்தினர் எண்ணிக்கை 1849-இல் 390 ஆகவும், 1850-இல் 600 ஆகவும் உயர்ந்தது. வங்கியின் வீழ்ச்சியும் இதற்கு ஒரு காரணம் என்பது அவ்வரலாற்றை எழுதியோர் கருத்து.

"ஹாவர்த் மோசக்காரர், எங்கள் தலைவர் நேர்மையாளர்" என்று வாசகர் விடை கூறலாம். கூறட்டும். நேர்மையாளர் ஒருவரின் கதையையே சொல்கிறேன்.

பெயர் வேண்டாம், நன்றாக நடந்துவந்த நெசவாளர் சங்கம் அது. ஏறக்குறைய இருநூறு தறிகள். தலைவர் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து பதவி வகித்தவர். சங்கத்தில் குடித்த தேநீருக்கும் தம் காசையே கொடுத்தவர். ஒரு வைகாசி மாதத்தில் மாரடைப்பால் காலமானார். பத்து நாள் கழித்து நான் அச்சங்கத்துக்குச் சென்றேன். தலைவரின் படம் அதற்குள் சட்டமிட்டுச் சுவரில் ஏறியிருந்தது. ஆனால் எந்த நூல் வியாபாரிக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. வெளியூர்க் கொள்முதல்காரர் மூவரிடம் அவர் வாய்மொழியாக விலை பேசி வைத்திருந்தார். அவர்களில் ஒருவர், பேசிய விலை அதுவல்ல என்று இப்போது சாதித்தார். தீபாவளிக்கு முன்கூட்டிச் சில நெசவாளருக்குத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர்ச் சங்கக் கணக்கில் நேர்செய்துகொள்வது அவர் வழக்கமாம். அதற்குச் சாட்சி அவருடைய சட்டைப் பையில் இருந்த சிறு நோட்டு ஒன்றே. அதில் "கி.வீ. 3 பா" என்று எழுதியிருந்தது. கிழக்கு வீதி மூன்று பாவு என்றார் ஒருவர். பாவு அல்ல, பாக்கி என்றார் மற்றொருவர்.

மேலாளர் அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். நூல் கொள்முதலுக்கு ஒருமுறையேனும் உடன் சென்றதுண்டா என்று கேட்டேன். "ஐயா சொல்வார், நான் எழுதுவேன். அவ்வளவுதான் சார்" என்றார். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். பதினெட்டு ஆண்டுக் கூட்டங்களுக்கும் ஒரே வாசகம்: தலைவர் கூறியபடி ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனது என்ற சொல்லைத் தொடர்ந்து பல பக்கங்களில் காணும்போதெல்லாம் எனக்கு ஐயம் எழுவதுண்டு. நாலு பேர் உள்ள வீட்டில் குழம்புக்கு உப்புப் போதுமா என்பதிலேயே ஏகமனது கிடைப்பதில்லை. இருநூறு தறிக்காரர் கூடிய சங்கத்தில் பதினெட்டு ஆண்டுகள் எப்படிக் கிடைத்தது?

தலைவரின் மனைவியார் சங்கத்துக்கே வந்திருந்தார். "எங்க வீட்டுக்காரர் சங்கத்துக்குப் பாக்கி வச்சிருக்காரா, இல்லை சங்கம் அவருக்குப் பாக்கியா, அதை மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். அங்கிருந்த ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அப்பழுக்கற்ற ஒரு மனிதருக்கு இதைக் காட்டிலும் பெரிய அவமதிப்பு வேறென்ன இருக்க முடியும்? ஒருநாளும் யாரும் கணக்குக் கேளாமல் அவரைக் கௌரவித்த அங்கத்தினர்கள், அவர் நேர்மையை நிரூபிக்கத்தக்க ஏட்டையும் இல்லாமற் செய்துவிட்டார்கள்.

நஷ்டம் அத்துடன் நிற்கவில்லை. ஆடி மாதம், தீபாவளிக்கான சரக்கு தறியில் ஓட வேண்டிய காலம். நூறு தறிகளுக்கு மேல் பாவின்றி நின்றன. அடுப்பு எரிய வேண்டுமே. ஐம்பது அறுபது குடும்பத்தார் வெளி மாஸ்டர் நெசவாளரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கூலிக்கு நெய்யப் போனார்கள். முன்பணம் வாங்கியவர் அது தீரும்வரை தறியைத் திருப்ப முடியாதென்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு சங்கம் எழுந்து நின்றபோது அவர்களிற் பாதிப்பேர் திரும்பவில்லை.

இனி, வேறு விதமாக நடந்த ஓர் ஸ்தாபனத்தைக் காண்போம். குஜராத்தில் கைரா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள், தங்கள் பாலுக்கு வியாபாரிகள் வைத்ததே விலையென்றிருந்த நிலையை எதிர்த்து, சர்தார் பட்டேலின் அறிவுரையின்படி 1946-இல் சங்கம் கண்டனர். 15 நாள் பாலை விற்காமல் நிறுத்திப் போராடிய பின், அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று ஆனந்த் நகரில் மாவட்ட ஒன்றியம் பதிவாயிற்று. அமுல் என்ற பெயரில் இன்று நாடெங்கும் அறியப்படுவது அதன் வழி வந்ததே. அதன் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். கிராமம் கிராமமாக நடந்து சங்கம் அமைத்தவர். அப்பகுதி உழவர்கள் அவர் சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர் நினைத்திருந்தால் எல்லாவற்றையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம்.

அவர் செய்தது வேறு. 1949-இல் அரசாங்கப் பாலேட்டு நிலையத்துக்கு வேலைக்கு வந்திருந்த வர்கீஸ் குரியன் என்ற இளம் பொறியாளரை, ஊரைவிட்டுப் புறப்பட இருந்தவரை, வற்புறுத்தி நிறுத்திக்கொண்டார். இயந்திரம், பதனம், விற்பனை ஆகியவற்றை அவரிடம் ஒப்படைத்தார். தலாயா என்ற பால்தொழில் நிபுணரும் வந்து சேர்ந்தார். எருமைப் பாலிலிருந்து பால்பொடி எடுக்க இயலாதென்று மேனாட்டு நிபுணர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அதைச் செய்து காட்டினார்கள். 1955-இல் புதிய ஆலை திறக்கப்பட்டது. அங்கத்தினரிடமும் அரசியலாரிடமும் பேசுவது தலைவர் வேலை. தொழிலை நடத்துவது மேலாளர் வேலை. ஒருவர் வரப்பில் மற்றவர் ஏர் ஓட்டவில்லை. நம் சங்கங்களில் தலைவர் ரசீது எழுதுவதையும், மேலாளர் தேர்தலில் ஆள் சேர்ப்பதையும் பார்க்கும்போது ஆனந்தின் நினைவு எனக்கு வராமலிருப்பதில்லை.

திரிபுவன்தாஸ் 1970-களின் தொடக்கத்தில் ஒன்றியத் தலைமையினின்றும் விலகினார். அங்கத்தினர்கள் அன்புடன் திரட்டிக் கொடுத்த பணமுடிப்பை அவர் கிராம மக்களின் நல்வாழ்வுக்கான அறக்கட்டளைக்கே வைத்துவிட்டார். ஒரு செய்தியையும் மறைக்காமற் கூற வேண்டும். அதே குரியன், குஜராத் மாநிலப் பால் விற்பனை இணையத்தின் தலைமையில் 1973 முதல் 2006 வரை நீடித்தார். கடைசியில் உறுப்பு ஒன்றியங்களோடு பிணக்கு ஏற்பட்டுப் பதவியை விட நேர்ந்தது. அவர் ஆற்றிய தொண்டின் பெருமை இதனால் குறையாது. எனினும் முப்பத்துமூன்று ஆண்டு என்பது எத்தகைய மேதைக்கும் நீண்ட காலமே என்பது என் துணிபு. அவர் விலகிய பின்னும் பால் வண்டிகள் ஒருநாளும் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவரும் திரிபுவன்தாஸும் கட்டிய அமைப்பின் வலிமை அது.

வேலையைப் பங்கிட்டுக்கொண்டால் மட்டும் போதுமா என்றால், ராச்டேலுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. முன்னோடிகள் 1854-இல் தங்களுக்கென நூற்பு, நெசவு ஆலைச் சங்கம் ஒன்றை நிறுவினர். இலாபத்தில் பங்குதாரருக்கு மட்டுமன்றி, ஆலையில் வேலை செய்வோருக்கும் ஒரு பகுதி என்பது அதன் கொள்கை. ஆலை செழித்தது, பங்கு வாங்கப் புதியவர்கள் திரண்டனர். ஆனால் கொள்கை எதற்காக ஏற்பட்டதென்பதை அவர்களுக்கு எடுத்துரைத்தவர் போதவில்லை. 1862-இல் தொழிலாளர் பங்கை அப்புதியவர்களே வாக்கெடுத்து நீக்கிவிட்டனர். பழைய முன்னோடிகள் எதிர்த்தும் பயனில்லை. தலைவர்கள் எவ்வளவு உயர்ந்த கொள்கையுடையவராயினும், பின்னால் வருபவருக்கு அதைப் புகட்டாவிடில் எண்ணிக்கையே அவர்களைத் தோற்கடித்துவிடும். ராச்டேல் கடைச் சங்கம் உபரியில் 2.5 சதவீதத்தைக் கல்விக்கென ஒதுக்கி வாசகசாலை நடத்தியது. நம் நாட்டிலும் நிகர இலாபத்தில் கல்வி நிதி செலுத்துகிறோம். செலுத்திய ரசீதைக் கோப்பில் வைத்ததும் அங்கத்தினர் கல்வி முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டில் 2013-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர்ப் பல ஆண்டுகள் தனி அலுவலர்களே சங்கங்களை நடத்திவந்தனர். அதனால் கேள்வி கேட்கும் பழக்கமே பலரை விட்டுப் போயிற்று. அப்பழக்கத்தை மீட்பது தலைவரின் வேலை. கேட்பவனை எதிரியாக எண்ணாமல், கேட்கும்படி தூண்ட வேண்டும். குறிப்பாகப் பெண் அங்கத்தினர்களை. தார் சுற்றுவதும் நூலின் தரத்தை விரலால் அறிவதும் அவர்களே. நிர்வாகக் குழுவில் அவர்கள் அமர்ந்திருந்தும் கையொப்பத்துக்கு மட்டும் புத்தகம் அவர்களிடம் நகர்வதை எத்தனையோ சங்கங்களில் கண்டிருக்கிறேன். ஒரு கூட்டத்தில் அவ்வாறு நகர்ந்த புத்தகத்தை ஓர் அம்மையார் கையொப்பமிடாமல் வைத்துக்கொண்டு, "போன மாசம் வந்த நூல் சிட்டம் எடை குறையுதே, அதை யாரு எழுதுறது?" என்று கேட்டார். அன்று தலைவர் உடனே தராசைக் கொண்டுவரச் செய்தார். நல்ல தலைமைக்கு நான் கண்ட சான்றுகளில் அந்தத் தராசும் ஒன்று.

செய்யத்தக்கவை பெருங்காரியங்களல்ல. வாய்மொழியாகப் பேசிய விலையை அன்றைக்கே எழுதி இருவர் கையொப்பமிடலாம். நூல் கொள்முதலுக்குத் தலைவரோ மேலாளரோ தனியாகச் செல்லாமல், ஒவ்வொரு முறையும் குழுவினரில் வேறொருவரை உடனழைத்துச் செல்லலாம். இரண்டு ஆண்டுகளில் சந்தையை அறிந்தவர் அரை டஜன் பேர் இருப்பார்கள். மாதக் கடைசியில் இருப்பை எண்ண, சீட்டுக் குலுக்கி இரண்டு அங்கத்தினரை எடுக்கலாம். ஆண்டில் ஒரு கூட்டத்துக்கேனும் துணைத் தலைவரை நாற்காலியில் அமர்த்திவிட்டுத் தலைவர் கீழே பெஞ்சில் உட்காரலாம். பெஞ்சிலிருந்து பார்த்தால் சங்கம் வேறு விதமாகத் தெரியும் என்று அப்படிச் செய்தவர்கள் என்னிடம் கூறியிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விடத் துணிவான முறை ஒன்றை மஞ்சள் விவசாயிகளின் விற்பனைச் சங்கமொன்றில் கண்டேன். அதன் தலைவர் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்பவர். புது மஞ்சள் வரத் தொடங்கும் சமயமாயிற்றே, இப்போது போகலாமா என்று கேட்டால், அதற்காகத்தான் போகிறேன் என்பார். பத்து நாள், கைபேசியை வீட்டில் வைத்துவிடுவார். முதலாண்டு இரண்டு விவசாயிகளின் குவியல்களுக்கு எண் மாறிப்போய், ஏலம் முடிந்த பின் சச்சரவு மூண்டது. திரும்பி வந்தவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. குவியல் எண்ணை விவசாயியின் முன்னிலையில் எழுதுவதென்று குழுவே முடிவெடுக்கும்வரை பேசாமல் இருந்தார். நான்காம் ஆண்டு அவர் வந்து பார்த்தபோது, வெளியூர் வியாபாரிகள் கூடுதலாக வரும் நாளைக் கருதி ஏலக் கிழமையையே மாற்றியிருந்தார்கள். அவருக்குச் சொல்லியனுப்பவுமில்லை. "கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, சார்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே கூறினார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அத்தீர்மானத்தில் எழுதியிருந்த காரணங்களை ஒவ்வொன்றாகப் படித்து, இரண்டாவது காரணத்துக்கு மட்டும் மேலாளரிடம் விளக்கம் கேட்டார்.